செயற்கை முகவர்களைப் பேரம் பேச வைத்தல்: புதியவர்களுக்கான செய்முறை வழிகாட்டி

இரண்டு மென்பொருள் முகவர்களை, அதாவது தாமாகவே முடிவெடுக்கும் நிரல்களை, எதிரெதிரே நிறுத்தி, பங்கிட்டுக்கொள்ள ஏதேனும் ஒன்றை நடுவில் வைத்து, அவை ஒத்துப்போகின்றனவா, முரண்டு பிடிக்கின்றனவா என்று பார்ப்பதற்கு இன்று ஒரு மடிக்கணினி போதும். பார்த்ததை வைத்து எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்று பிரித்தறிவதுதான் கடினம். ‘இந்த முகவர் ஒத்துழைக்கும் குணமுடையது’, ‘அது சுயநலமானது’ என்று எழுதப்படும் முடிவுகளில் பல, ஆராய்ந்து பார்த்தால், முகவரைப் பற்றியவையாக இருப்பதில்லை. ஆட்டத்தின் விதிகளையும் அதன் எதிரே நின்றவர்களையும் பற்றியவையாகவே இருக்கின்றன. பைத்தான் போன்ற ஒரு மொழியில் சிறிய நிரல் எழுதத் தெரிந்த, ஆனால் ஆட்டக் கோட்பாட்டில் முன்பயிற்சி இல்லாத ஒருவர் தம் முதல் சோதனையை எந்த வரிசையில் அமைத்துக்கொண்டால் இந்தக் குழப்பத்தைத் தவிர்க்கலாம் என்பதே இங்கே விளக்கப்படுகிறது.

படி 1: முகவருக்கு முன் ஆட்டத்தை எழுதுங்கள்

முகவர் எப்படி யோசிக்க வேண்டும் என்பதைப் பற்றி ஒரு வரி நிரல்கூட எழுதுவதற்கு முன், யார் என்ன செய்தால் யாருக்கு எத்தனை புள்ளி என்னும் பலன் அட்டவணையைத் தாளில் எழுதிவிடுங்கள். தொடங்குவதற்கு ஏற்றது கைதிகளின் இக்கட்டு எனப்படும் ஆட்டம். இதில் இருவரும் ஒரே நேரத்தில், மற்றவர் தேர்வை அறியாமல், ஒத்துழைப்பது அல்லது கைவிடுவது (அதாவது மற்றவரை ஏமாற்றுவது) என்ற இரண்டில் ஒன்றைத் தேர்கிறார்கள். 1950இல் ராண்ட் என்னும் அமெரிக்க ஆய்வு நிறுவனத்தில் மெரில் ஃப்ளட், மெல்வின் ட்ரெஷர் ஆகிய இருவரும் இதன் அமைப்பை வகுத்தார்கள். கைதிகள் கதையையும் பெயரையும் அதற்குக் கொடுத்தவர் கணிதவியலாளர் ஆல்பர்ட் டக்கர். வழக்கமான எண்கள் இவை: இருவரும் ஒத்துழைத்தால் ஆளுக்கு 3, இருவரும் கைவிட்டால் ஆளுக்கு 1, ஒருவர் ஒத்துழைக்க மற்றவர் கைவிட்டால், கைவிட்டவருக்கு 5, ஏமாந்தவருக்கு 0.

இந்த எண்களை விருப்பம்போல் மாற்றலாம் என்று தோன்றும். ஆனால் இரண்டு நிபந்தனைகள் உடையக் கூடாது. முதலாவது, ஏமாற்றுவதன் பலன், இருவரும் ஒத்துழைப்பதன் பலன், இருவரும் கைவிடுவதன் பலன், ஏமாறுவதன் பலன் என்ற இறங்கு வரிசை மாறக்கூடாது. இரண்டாவது, ஒத்துழைப்பின் பலனைப்போல் இரு மடங்கு, ஏமாற்றுபவர், ஏமாறுபவர் ஆகிய இருவரின் கூட்டுத்தொகையைவிட மிகுதியாக இருக்க வேண்டும். இங்கே 6, 5ஐவிட மிகுதி. இரண்டாவது நிபந்தனை இல்லாவிட்டால், முகவர்கள் முறைவைத்து ஒருவரையொருவர் ஏமாற்றிக்கொள்வதே இருவருக்கும் கூடுதல் வருமானம் தரும் வழியாகிவிடும். அதைக் கண்டுபிடித்த முகவரை நீங்கள் ‘துரோகி’ என்று பதிவு செய்துவிடுவீர்கள்.

எல்லா ஆட்டங்களும் ஒரே கேள்வியைக் கேட்பதில்லை என்பதையும் இந்த இடத்திலேயே மனத்தில் கொள்ள வேண்டும். கைதிகளின் இக்கட்டில் ஆசை சோதிக்கப்படுகிறது. மான் வேட்டை (இருவரும் சேர்ந்தால் மான், தனியே போனால் முயல்) எனப்படும் ஆட்டத்தில் ஏமாற்றினால் கூடுதலாக எதுவும் கிடைப்பதில்லை. மற்றவர் வருவாரா என்ற ஐயம் மட்டுமே தடை, ஆகவே அது நம்பிக்கையைச் சோதிக்கிறது. இறுதிக்கெடு ஆட்டத்தில் ஒருவர் ஒரு தொகையை எப்படிப் பிரிப்பது என்று முன்மொழிய, மற்றவர் ஏற்கிறார் அல்லது மறுக்கிறார். மறுத்தால் இருவருக்கும் ஒன்றுமில்லை. 1982இல் கூத், ஷ்மிட்பெர்கர், ஷ்வார்ட்ஸே ஆகியோர் இதை மனிதர்களிடம் சோதித்த காலத்திலிருந்து திரும்பத் திரும்பக் காணப்படுவது, முன்மொழிபவர்கள் பெரும்பாலும் 40 முதல் 50 விழுக்காடு வரை கொடுக்க முன்வருகிறார்கள் என்பதும், 20 விழுக்காட்டுக்குக் குறைவான பங்கு அடிக்கடி மறுக்கப்படுகிறது என்பதும் ஆகும். தன் புள்ளியை மட்டும் கூட்டப் பயின்ற ஒரு முகவர் 1 விழுக்காட்டையும் ஏற்கும். அது பணிவும் அல்ல, பெருந்தன்மையும் அல்ல. நீங்கள் கொடுத்த இலக்கு அவ்வளவுதான்.

இரண்டு பேருக்கு மேல் வேண்டுமென்றால் பொது நிதி ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு முகவர்களுக்கு ஆளுக்கு 20 புள்ளி. பொது நிதியில் இடப்படும் ஒவ்வொரு புள்ளியும் நால்வருக்கும் தலா 0.4 ஆகத் திரும்புகிறது. நால்வரும் முழுவதையும் இட்டால் ஆளுக்கு 32. மூவர் இட்டு ஒருவர் இடாமல் ஒதுங்கினால் ஒதுங்கியவருக்கு 44, மற்றவர்களுக்கு 24. இந்த ஒரு கணக்கைக் கையால் போட்டுப் பார்ப்பவருக்கு, பொதுச் சொத்து ஏன் தேய்கிறது என்பதை வேறு யாரும் விளக்க வேண்டியிருக்காது.

படி 2: ஆட்டம் எப்போது முடியும் என்பதை முடிவு செய்யுங்கள்

புதியவர்கள் அதிகம் கவனிக்காமல் விடுவது இதுதான். ஆனால் முடிவுகளை இதைப்போல் புரட்டிப்போடுவது வேறொன்றில்லை. கைதிகளின் இக்கட்டு ஒரே ஒரு முறை ஆடப்பட்டால் கைவிடுவதே கணக்குக்குச் சரி. சரியாக 100 சுற்று என்று இருவருக்கும் தெரிந்திருந்தால், நூறாவது சுற்றில் பழிவாங்க அடுத்த சுற்று இல்லை என்பதால் அங்கே கைவிடலாம். அது உறுதியாகிவிட்டதால் 99ஆவது சுற்றிலும் ஒத்துழைக்கக் காரணமில்லை. இப்படிப் பின்னிருந்து முன்னாகச் சுருண்டு முதல் சுற்று வரை ஒத்துழைப்பு கரைந்துவிடுகிறது. முடிவு எப்போது என்று தெரியாதபோதுதான் ஒத்துழைப்புக்கு இடமே உண்டாகிறது.

ஆகவே சுற்று எண்ணிக்கையை நிர்ணயிப்பதற்குப் பதிலாக, ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் ஆட்டம் தொடர்வதற்கான நிகழ்தகவு ஒன்றை வையுங்கள். அது 0.9 என்றால் சராசரியாக 10 சுற்றுகள் நடக்கும். எவ்வளவு வைத்தால் போதும் என்பதைக் கணக்கிட முடியும். ஒரு முறை ஏமாற்றினால் அதன்பின் ஒருபோதும் மன்னிக்காத எதிராளி என்று வைத்துக்கொள்வோம். தொடர்ந்து ஒத்துழைத்தால் சுற்றுக்கு 3. இப்போது ஏமாற்றினால் உடனே 5, பிறகு என்றென்றும் 1. தொடர்வதற்கான நிகழ்தகவு 0.5 ஆக இருக்கும்போது இரண்டு வழியிலும் எதிர்பார்க்கும் மொத்தம் 6. அதற்கு மேல் போனால் ஒத்துழைப்பே இலாபம். எதிராளி, நீங்கள் முந்தைய சுற்றில் செய்ததையே திருப்பிச் செய்பவராக இருந்தால், ஒரு சுற்று விட்டு ஒரு சுற்று ஏமாற்றிப் பார்க்கும் சூழ்ச்சியையும் தடுக்க வேண்டியிருப்பதால் எல்லை மூன்றில் இரண்டு பங்காக, அதாவது ஏறத்தாழ 0.67 ஆக உயர்கிறது.

ஆக, நிகழ்தகவை 0.4 என்று வைத்துவிட்டு ‘என் முகவர்கள் ஒத்துழைக்கவில்லை’ என்று வருந்துவதில் பொருளில்லை. தன் பலனைக் கணக்கிடும் எந்த முகவரும் அங்கே தொடர்ந்து ஒத்துழைக்காது.

படி 3: முதல் முகவர்களைக் கையால் எழுதுங்கள்

கற்கும் முகவர்களுக்கும் மொழி மாதிரிகளுக்கும் (ஜிபிடி போன்று உரை எழுதும் நிரல்களுக்கும்) உடனே தாவிவிடாமல், நான்கைந்து வரியில் எழுதக்கூடிய எளிய உத்திகளை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். எப்போதும் ஒத்துழைப்பது, எப்போதும் கைவிடுவது, நாணயம் சுண்டுவதுபோல் தற்செயலாகத் தேர்வது, முதல் சுற்றில் ஒத்துழைத்துப் பின் எதிராளியின் முந்தைய அசைவைத் திருப்பிச் செய்வது (இதைப் ‘பதிலுக்குப் பதில்’ என்று குறிப்பிடுவோம்), ஒரு முறை ஏமாந்தால் இறுதிவரை மன்னிக்காதது, நல்ல பலன் வந்தால் முன்பு செய்ததையே செய்து தீய பலன் வந்தால் மாற்றிக்கொள்வது ஆகிய ஆறும் போதும். கடைசியாகச் சொன்னது, 1993இல் மார்ட்டின் நோவாக், கார்ல் சிக்மண்ட் ஆகியோரின் ஆய்வால் பெயர்பெற்றது.

பின்னால் நீங்கள் உருவாக்கும் எந்தச் சிக்கலான முகவரையும் அளந்து பார்க்க இந்த ஆறும் அளவுகோலாக நிற்கும். பெருஞ்செலவில் பயிற்றுவித்த ஒரு முகவர், நான்கு வரி நிரலைவிடக் குறைவாகப் புள்ளி எடுத்தால் அது உடனே தெரிந்தாக வேண்டும். எழுதுவதற்குச் சோம்பலாக இருந்தால், ஆக்செல்ராட் என்னும் பைத்தான் நூலகத்தில் இருநூறுக்கும் மேற்பட்ட உத்திகள் ஆயத்தமாகக் கிடைக்கின்றன. எனினும் முதல் ஆறையும் தாமே எழுதுவதே நல்லது என்பது என் கருத்து, ஏனெனில் எழுதும்போதுதான் ‘முதல் சுற்றில் என்ன செய்வது’ போன்ற சின்னக் கேள்விகள் கண்ணில் படும்.

படி 4: எதிராளிகளின் கூட்டத்தைத் தேர்ந்தெடுங்கள்

இனி எல்லோரையும் எல்லோரோடும் மோதவிடும் சுற்றுப்போட்டி. இதற்கு முன்மாதிரி, அரசியல் அறிவியலாளர் ராபர்ட் ஆக்செல்ராட் 1980 வாக்கில் நடத்திய இரண்டு கணினிப் போட்டிகள். முதல் போட்டிக்கு 14 நிரல்கள் வந்தன. தற்செயலாக ஆடும் ஒன்றும் சேர்க்கப்பட்டது. ஒவ்வொரு மோதலும் 200 சுற்று. வந்தவற்றிலேயே மிக எளியதான, அனடோல் ராப்போபோர்ட் அனுப்பிய ‘பதிலுக்குப் பதில்’ வென்றது. முதல் எட்டு இடங்களைப் பிடித்தவை எல்லாமே தாமாக முதலில் ஏமாற்றாத உத்திகள். இரண்டாவது போட்டிக்கு, முதல் போட்டியின் முடிவுகள் அனைவருக்கும் தெரிந்த நிலையில், 62 நிரல்கள் வந்தன. முடிவுச் சுற்று தெரியாதபடி நிகழ்தகவால் நிர்ணயிக்கப்பட்டது. அதிலும் அதே உத்தி வென்றது.

இந்தக் கதை ‘நல்லவன் வெல்வான்’ என்ற பாடமாகவே பெரும்பாலும் சொல்லப்படுகிறது. ஆய்வு செய்ய வருபவர் கவனிக்க வேண்டியது அதே கதையின் இன்னொரு பகுதியை. இரண்டு முறை தொடர்ந்து ஏமாந்தால் மட்டும் திருப்பியடிக்கும் ஓர் உத்தி முதல் போட்டியில் கலந்துகொண்டிருந்தால் அதுவே வென்றிருக்கும் என்று ஆக்செல்ராட் கணக்கிட்டுக் காட்டினார். அந்த உத்தியை உயிரியலாளர் ஜான் மேனார்ட் ஸ்மித் இரண்டாவது போட்டிக்கு அனுப்பினார். அது 24ஆவது இடத்துக்குப் போனது. உத்தி மாறவில்லை, எதிரே நின்ற கூட்டம் மாறியிருந்தது, அந்தப் பொறுமையைச் சுரண்டத் தெரிந்தவர்கள் அதில் இருந்தார்கள். ‘பதிலுக்குப் பதில்’ உத்திக்கும் ஒரு விந்தை உண்டு: எந்த ஒரு தனி மோதலிலும் அது எதிராளியைவிட அதிகப் புள்ளி எடுக்கவே முடியாது. எல்லோரோடும் ஓரளவு நன்றாக ஆடி, மொத்தத்தில் முன்னேறுகிறது.

2004இல் ஆக்செல்ராடின் போட்டிகளை நினைவுகூர்ந்து நடந்த போட்டியில் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகக் குழு வென்ற விதம் இன்னும் கூர்மையானது. அவர்கள் பல நிரல்களை அனுப்பினார்கள்; அவை தொடக்கச் சில அசைவுகளை ஒரு சங்கேதமாக வைத்துத் தம் கூட்டத்தாரை அடையாளம் கண்டுகொண்டு, ஒன்று தன்னைப் பலிகொடுத்து மற்றதற்கு அள்ளிக்கொடுத்தது. முதல் மூன்று இடங்களும் அவர்களுடையவை. அவர்களுடைய வேறு பல நிரல்கள் பட்டியலின் அடியில் கிடந்தன. அங்கே நடந்ததும் ஒத்துழைப்புதான். விதி அனுமதித்த ஒத்துழைப்பு.

செய்ய வேண்டியது: உங்கள் முகவரை ஒரே கூட்டத்தோடு மட்டும் ஆடவிடாதீர்கள். ஒத்துழைப்பவர் மிகுந்த கூட்டம், ஏமாற்றுபவர் மிகுந்த கூட்டம், தன்னைப் போன்ற முகவர்கள் மட்டுமே உள்ள கூட்டம் ஆகிய மூன்றிலும் ஆடவிட்டு, மூன்று முடிவுகளையும் தனித்தனியே எழுதுங்கள். மூன்றையும் சராசரியாக்கி ஒரே எண்ணாகக் கொடுப்பது, நீங்கள் கண்டுபிடித்ததை நீங்களே மறைப்பதாகும்.

படி 5: பிழையைக் கலந்து பாருங்கள்

செய்ய நினைத்தது ஒன்று, நடந்தது வேறொன்று என்ற நிலையை 1 அல்லது 2 விழுக்காடு வாய்ப்போடு நிரலில் சேர்த்துவிடுங்கள். இரண்டு ‘பதிலுக்குப் பதில்’ முகவர்கள் பிழையில்லாத உலகில் காலமெல்லாம் ஆளுக்கு 3 பெறுகின்றன. ஒரே ஒரு அசைவு தவறிப்போனால், ஒன்று மாற்றி ஒன்றாகப் பழிவாங்கும் சுழலில் அவை மாட்டிக்கொள்கின்றன; பிழை எவ்வளவு அரிதாக இருந்தாலும், போதிய நீண்ட ஆட்டத்தில் அவற்றின் சராசரி 2.25க்கு இறங்கிவிடுகிறது. தற்செயலாக ஆடும் இருவர் பெறுவதும் அதே 2.25தான். அவ்வப்போது மன்னிப்பது இதற்கு மருந்து: நம் எண்களுக்கு, எதிராளி ஏமாற்றிய பிறகும் மூன்றில் ஒரு முறை ஒத்துழைப்பது, சுரண்டலுக்கு இடம் கொடுக்காமல் சுழலை உடைக்கும் அளவு. பிழையில்லாத சோதனையில் முதலிடம் பெற்ற உத்தியைப் பிழையுள்ள உலகுக்குப் பரிந்துரைக்காதீர்கள்.

படி 6: பேரத்தைத் தனி ஆட்டமாக அமையுங்கள்

இதுவரை முகவர்கள் பேசிக்கொள்ளவில்லை. பேரம் என்றால் முன்மொழிவு, மறுப்பு, எதிர்முன்மொழிவு என்று ஒரு நடைமுறை வேண்டும். யார் முதலில் பேசுவார், எத்தனை முறை, ஒப்பந்தம் ஆகாவிட்டால் யாருக்கு என்ன கிடைக்கும் என்ற மூன்றையும் நிரலில் தெளிவாக எழுதியாக வேண்டும். மூன்றாவது மிகவும் முக்கியம். ஒப்பந்தம் ஆகாவிட்டாலும் 4 புள்ளி கிடைக்கும் என்னும் முகவரையும் ஒன்றுமே கிடைக்காது என்னும் முகவரையும் எதிரெதிரே நிறுத்திவிட்டு, முதல் முகவர் ‘திறமையாகப் பேரம் பேசியது’ என்று சொல்ல முடியாது.

ஒரு சிறிய ஆட்டம். அ வகைப் பொருள் 2, ஆ வகை 1, இ வகை 3 உள்ளன. முதல் முகவருக்கு அ ஒவ்வொன்றும் 1, ஆ 5, இ ஒவ்வொன்றும் 1. இரண்டாவதற்கு அ ஒவ்வொன்றும் 2, ஆ 0, இ ஒவ்வொன்றும் 2. இருவருக்கும் எல்லாம் கிடைத்தால் மதிப்பு 10. ஒருவர் மதிப்பு மற்றவருக்குத் தெரியாது. மதிப்புகளைப் பாராமல் ஏறத்தாழப் பாதியாகப் பிரித்து, முதல் முகவருக்கு ஓர் அ, இரண்டு இ, மற்றவை இரண்டாவதற்கு என்று கொடுத்தால் 3, 4 என முடியும்; மொத்தம் 7. ஆ மட்டும் முதல் முகவருக்கும் மற்றவை எல்லாம் இரண்டாவதற்கும் போனால் 5, 10, மொத்தம் 15. அதாவது கடுமையாக மோதுவதைவிட, எதிராளிக்கு எது வேண்டாம் என்று அறிவதில்தான் இருவருடைய இலாபமும் இருக்கிறது.

ஆனால் 5, 10 நியாயமானதா? ஜான் நாஷ் 1950இல் முன்வைத்த தீர்வு, ஒப்பந்தம் ஆகாத நிலையைவிட ஒவ்வொருவரும் கூடுதலாகப் பெறுவதைப் பெருக்கி, அந்தப் பெருக்கல்தொகை மிகுதியாக உள்ள பங்கீட்டைத் தேர்கிறது. ஒப்பந்தம் ஆகாவிட்டால் இருவருக்கும் 0 என்றால், 5, 10 தருவது 50. முதல் முகவருக்கு ஆவோடு ஓர் அ சேர்த்துக் கொடுத்தால் 6, 8, பெருக்கல்தொகை 48. நாஷ் முறை முந்தையதைத் தேர்கிறது. குறைவாகப் பெறுபவரின் நிலையை உயர்த்த வேண்டும் என்ற நெறியோ பிந்தையதைத் தேர்கிறது. இரண்டுமே, ஒருவரைக் குறைக்காமல் மற்றவரை உயர்த்த முடியாத பங்கீடுகள். எந்த நெறியால் அளக்கப் போகிறீர்கள் என்பதைச் சோதனைக்கு முன்பே எழுதிவிடுங்கள். முடிவைப் பார்த்த பிறகு நெறியைத் தேர்ந்தால், உங்களுக்குப் பிடித்த முகவர் எப்போதும் நியாயமானதாகவே தெரியும்.

காலத்துக்கும் விலை வையுங்கள். ஏரியல் ரூபின்ஸ்டைன் 1982இல் காட்டியபடி, இருவரும் மாறி மாறி முன்மொழியும் ஆட்டத்தில், ஒவ்வொரு சுற்றுத் தாமதத்திலும் மீதியின் மதிப்பு எவ்வளவு தேய்கிறது என்பதே பங்கைத் தீர்மானிக்கிறது. இருவருக்கும் சுற்றுக்கு 0.9 ஆகத் தேய்ந்தால், முதலில் பேசுபவருக்கு 52.6 விழுக்காடு. முதலில் பேசுபவருக்கு 0.9, மற்றவருக்கு 0.8 என்றால் 71.4 விழுக்காடு. பொறுமையற்றவர் முதலில் பேசினாலும் அவருக்கு 35.7தான். காத்திருக்க முடிந்தவருக்கே பேரத்தில் கை ஓங்கும். ஆகவே, பதிலளிக்கத் தாமதமாகும் முகவரைக் கால வரம்பால் வெட்டிவிடும் உங்கள் நிரலின் ஒரு வரி, அறியாமலே அந்த முகவரைப் பொறுமையற்றதாக மாற்றியிருக்கலாம்.

இந்தத் துறையில் நெக்மாஸ் என்னும் பைத்தான் நூலகம் பயன்படும். தானியங்கிப் பேர முகவர்களுக்கான பன்னாட்டுப் போட்டி 2010 முதல் நடந்து வருகிறது. அதில் பயன்படும் பேர நடைமுறைகள் தொடக்கத்துக்கு நல்ல வார்ப்புகள்.

படி 7: கற்கும் முகவர்களைச் சேர்க்கும்போது

வலுவூட்டல் கற்றல் முகவருக்கு (செய்து பார்த்து, கிடைக்கும் புள்ளிகளைக் கொண்டு கற்கும் முகவருக்கு) எதிராளியின் முந்தைய அசைவு தெரியாவிட்டால், அதற்கு ஒவ்வொரு சுற்றும் தனி ஆட்டம். அது கைவிடவே கற்கும். குறைந்தது முந்தைய சுற்றின் இரு அசைவுகளையாவது அதன் நிலை விவரத்தில் கொடுங்கள். இருவரும் ஒரே நேரத்தில் கற்கும்போது ஒவ்வொருவருக்கும் மற்றவர் ஓயாமல் மாறிக்கொண்டே இருப்பார் என்பதால், ஒரு முறை ஓட்டிப் பார்த்துக் கிடைத்த முடிவு எதையும் நிறுவாது. தற்செயல் எண்ணின் தொடக்க மதிப்பை மாற்றி மாற்றிப் பல முறை ஓட்டுங்கள். பரவலைக் காட்டுங்கள்.

சூழலின் பங்கை இங்கேயும் காணலாம். டீப்மைண்ட் என்னும் செயற்கை நுண்ணறிவு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டு முகவர்கள் ஆப்பிள் சேகரிக்கும் ஓர் ஆட்டத்தில், ஒளிக்கற்றையால் மற்றவரைச் சிறிது நேரம் ஆட்டத்திலிருந்து நீக்கவும் முடிந்தது. ஆப்பிள் தாராளமாக இருந்தபோது அமைதியாக இருந்த முகவர்கள், தட்டுப்பாடு வந்தபோது அதிகம் தாக்கக் கற்றன. பெரிய நரம்பு வலையமைப்பைக் கொடுத்தபோது அந்த ஆட்டத்தில் தாக்குதல் கூடியது. கூட்டாக வேட்டையாடும் இன்னோர் ஆட்டத்தில் அதே மாற்றம் ஒத்துழைப்பைக் கூட்டியது. அறிவு கூடினால் ஒத்துழைப்பு கூடுமா என்ற கேள்விக்கு, எந்த ஆட்டத்தில் என்று கேட்காமல் பதில் சொல்ல வழியில்லை.

படி 8: மொழி மாதிரிகளை ஆடவைக்கும்போது

பெரு மொழி மாதிரிகளை முகவர்களாக்குவது நிரலளவில் எளிது, பொறிகள் அதிகம். அவை கைதிகளின் இக்கட்டைப் பற்றி ஏராளமாகப் படித்திருக்கின்றன. வழக்கமான எண்களையும் கதையையும் கொடுத்தால், படித்ததை ஒப்பிக்கின்றனவா, கணக்குப் பார்க்கின்றனவா என்று பிரிக்க முடியாது. ஆகவே எண்களை மாற்றுங்கள். ‘ஒத்துழை’, ‘ஏமாற்று’ என்ற சொற்களை நீக்கி நடுநிலையான குறிகளைக் கொடுங்கள். எந்தக் குறி முதலில் வருகிறது என்பதையும் பாதிக்குப் பாதி மாற்றுங்கள். அதே பலன்களை வணிகமாக ஒரு முறையும் நட்பாக ஒரு முறையும் சொல்லிப் பாருங்கள். சொல்லை மாற்றியதும் நடத்தை மாறினால், நீங்கள் அளந்தது உத்தியை அல்ல, சொல்லுக்கான எதிர்வினையை.

ஜிபிடி-4 மாதிரியைத் திரும்பத் திரும்ப ஆடப்படும் ஆட்டங்களில் சோதித்த ஓர் ஆய்வு, கைதிகளின் இக்கட்டில் எதிராளி ஒரே ஒரு முறை ஏமாற்றினாலும் அது பின்னர் மன்னிப்பதே இல்லை என்று கண்டது. ஆளுக்கொரு முறை விட்டுக்கொடுத்தால் போதும் என்ற வகை ஆட்டத்தில், முறைவைத்து மாறும் எளிய வழக்கத்தையும் அது பின்பற்றவில்லை. எதிராளி அடுத்து என்ன செய்வார் என்று முதலில் ஊகிக்கச் சொல்லி, பிறகு தேர்வு செய்யச் சொன்னபோது நிலைமை மேம்பட்டது. உங்கள் சோதனையிலும் இந்த இரு வடிவங்களையும் ஓட்டிப் பாருங்கள்.

முகவர் விதிக்குப் புறம்பான பதில் கொடுத்தால் என்ன செய்வது என்பதை முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். புரியாத பதிலை நிரல் ஓசையின்றி ‘ஒத்துழைப்பு’ என்று எடுத்துக்கொள்ளுமானால், குழம்பிய முகவர்தான் உங்கள் அட்டவணையில் மிகச் சாதுவானதாகத் தெரியும். அவற்றைத் தனி எண்ணிக்கையாக வையுங்கள்.

பேச்சையும் செயலையும் பிரித்தே பதியுங்கள். பேசுவதற்குச் செலவில்லாத ஆட்டத்தில் வாக்குறுதி எதையும் கட்டுப்படுத்தாது. ஆகவே வாக்குறுதிகளில் எத்தனை காக்கப்பட்டன என்பதே பயனுள்ள அளவு. ஃபேஸ்புக் ஆய்வுக்கூடம் 2017இல் வெளியிட்ட ஆய்வில், புத்தகம், தொப்பி, பந்து ஆகியவற்றை இயல்பான மொழியில் பேசிப் பங்கிடப் பயின்ற முகவர்கள், தமக்கு மதிப்பில்லாத பொருளில் ஆர்வம் இருப்பதுபோல் காட்டி, பிறகு அதை விட்டுக்கொடுப்பதுபோல் நடித்து வேறொன்றைப் பெறத் தாமாகவே கற்றன. யாரும் அவற்றுக்குப் பொய்யைக் கற்பிக்கவில்லை. வென்ற பேரத்துக்கு மட்டும் புள்ளி கொடுக்கப்பட்டது. 2022இல் மெட்டா உருவாக்கிய சிசரோ என்னும் முகவர், பேச்சுவார்த்தையே உயிரான டிப்ளமசி ஆட்டத்தில் இணையவழி லீக் ஒன்றில் 40 ஆட்டங்கள் ஆடி, ஒன்றுக்கு மேற்பட்ட ஆட்டங்கள் ஆடியவர்களில் முதல் 10 விழுக்காட்டினருள் இடம்பெற்றது. அதில் மொழி மாதிரி தனித்து இயங்கவில்லை; அடுத்து என்ன செய்வது என்று திட்டமிடும் பகுதி வேறாகவும், அந்தத் திட்டத்துக்கேற்பப் பேசும் பகுதி வேறாகவும் இருந்தன. புதிதாகக் கட்டுபவருக்கு இந்தப் பிரிவினை பின்பற்றத் தக்கது, ஏனெனில் முகவர் கெட்ட முடிவெடுத்ததா, நல்ல முடிவை மோசமாகப் பேசியதா என்பதை அப்போதுதான் கண்டுபிடிக்கலாம்.

படி 9: அளவீட்டில் வெளியாருக்கும் ஒரு வரி ஒதுக்குங்கள்

ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஒத்துழைப்பு விகிதம், இருவரின் மொத்தப் பலன், அது கிடைத்திருக்கக்கூடிய உச்சத்தில் எத்தனை விழுக்காடு, குறைவாகப் பெற்றவரின் பலன், ஒப்பந்தம் ஆகாமல் முறிந்த பேரங்கள் ஆகியவற்றைப் பதியுங்கள். பாத்திரங்களை மாற்றி ஓட்டியதையும் குறிப்பிடுங்கள், ஏனெனில் முதலில் பேசும் இடமே சில புள்ளிகளுக்குச் சமம்.

இவற்றோடு, ஆட்டத்தில் உட்காராத ஒருவருக்கு என்ன நேர்ந்தது என்பதையும் கணக்கிடும் வழக்கத்தைத் தொடக்கத்திலேயே பழக வேண்டும். கால்வானோ, கால்சோலாரி, டெனிகோலோ, பாஸ்டொரெல்லோ ஆகிய பொருளியலாளர்கள் 2020இல் வெளியிட்ட ஆய்வில், விலை நிர்ணயிக்கும் எளிய கற்றல் நிரல்கள், ஒன்றோடொன்று ஒரு சொல்லும் பேசாமல், போட்டி விலையைவிட (உண்மையாகப் போட்டியிட்டால் நிலவும் விலையைவிட) உயர்ந்த விலையில் நிலைபெற்றன. ஒன்று விலையைக் குறைத்தால் மற்றது குறைத்துத் தண்டித்து, பின் இரண்டும் படிப்படியாகப் பழைய உயர்விலைக்குத் திரும்பின. படி 2இலும் படி 5இலும் நாம் பாராட்டிய அதே தண்டனையும் மன்னிப்பும்தான் அங்கே வாங்குபவர்களுக்கு எதிராக வேலை செய்தன. ஒத்துழைப்பு விகிதத்தை மட்டும் பார்ப்பவர் அந்தச் சோதனைக்கு முழு மதிப்பெண் கொடுத்திருப்பார். விலை ஆட்டத்தை முயல்பவர், விற்கும் முகவர்களின் பலனுக்கு அருகிலேயே வாங்குபவர்கள் செலுத்திய விலையையும், அது போட்டி விலையிலிருந்து எவ்வளவு விலகியது என்பதையும் ஒரு வரியில் எழுத வேண்டும். அந்த வரியை நிரப்ப முடியாத அளவுக்கு ஆட்டம் சுருக்கப்பட்டிருந்தால், படி 1க்குத் திரும்பி, வாங்குபவரையும் பலன் அட்டவணையில் சேர்த்து எழுத வேண்டும்.